பேறுகால விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. சென்னையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எங்கே கிடைப்பார், எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம்?

ஐந்து மாதக் குழந்தை, இருவருக்கும் வேலை, ஊரிலிருந்து யாரும் வந்து தங்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் வீடு, தரமணியில் ஆபீஸ்.

முதலில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். ஒரு மாதச் சம்பளம் கமிஷன். ஆள் நின்றுவிட்டால் வேறு ஆள் அனுப்புவோம் என்றார்கள். வந்த பெண் பதினோராம் நாள் காலை ஏழரைக்குப் போன் செய்து, "ஊருல அம்மாவுக்கு முடியல மேடம்" என்றார். அதோடு சரி. மாற்று ஆள் "திங்கக்கிழமை வந்துருவாங்க" என்று மூன்று திங்கட்கிழமை போனது. கமிஷன் போனது போனதுதான்.

ஏஜென்சியைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் பாதித் தப்பு என்னுடையது. குழந்தையைப் பார்க்க என்று கூப்பிட்டுவிட்டு, "பாப்பா தூங்குறப்ப சும்மாதானே இருக்கீங்க" என்று பாத்திரம் தேய்க்கச் சொன்னேன். அப்புறம் காய் நறுக்குவது, அப்புறம் துணி மடிப்பது. குழந்தை தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர் சாப்பிட்டாக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதனால் சம்பளம் பேசும் முன் வேலையைப் பேசிவிடுங்கள். குழந்தைக்குக் குளியல், சாப்பாடு, குழந்தையின் துணி, குழந்தையின் பாத்திரம். அவ்வளவுதான். வீட்டு வேலையும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பணம்.

இரண்டாவது ஆளைப் பிடித்துக் கொடுத்தவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் யார் வேலையை விட்டார், ஏன் விட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், பால் போடும் அம்மா, பக்கத்து பிளாக்கில் வேலை செய்பவர்கள், எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். வருபவர் இதற்கு முன் வேலை பார்த்த வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். போனில் எல்லோரும் "நல்லவங்கதான்" என்று முடித்துவிடுவார்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர் பற்றிச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

முக்கியமாக, நீங்கள் விடுப்பில் இருக்கும்போதே இரண்டு வாரம் வரச் சொல்லுங்கள், சம்பளத்தோடு. இஸ்திரிக்காரர் சொன்ன அக்கா வந்த முதல் நாள் நேராகப் பாத்ரூமுக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, "வளையல கழட்டி எங்க வைக்கட்டும்க்கா? புள்ள மேல கீறிடும்" என்றார். (நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம்.) அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சம்பளம். 2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. காலை 9 முதல் மாலை 6.30 வரை, மாதம் 22 நாள் என்றால் 209 மணி நேரம். அந்தக் கணக்கில் 7,733 ரூபாய்தான் வரும். அதற்குச் சென்னையில் குழந்தை பார்க்க யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. நான் 13,000-ல் ஆரம்பித்தேன், இப்போது 16,000. மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பிடிப்பதில்லை, போவது நாங்கள்தானே. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், பொங்கலுக்குப் புடவை.

முதல் மாதம் ஜிபே போடுகிறேன் என்றேன். "வேணாங்கா, போன் வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்" என்றார். அன்றிலிருந்து ஒன்றாம் தேதி கவரில் பணம். அதனால் எப்படிக் கொடுக்கட்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

கேமரா வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹாலில் ஒன்று வைத்தோம், சொல்லிவிட்டுத்தான் வைத்தோம். "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தார். அதைவிட உபயோகமாக இருப்பது ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்: 108, டாக்டர் நம்பர், எங்கள் இருவர் நம்பர், காய்ச்சல் மருந்து எங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்ற ஒரு வரி. உங்களுக்கு வருபவருக்குப் படிக்க வராது என்றால் வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஆபீஸில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை, தெரியாது அப்போது.

ஆள் அமைந்துவிட்டால் பத்தாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அட்வான்ஸ் கேட்பார். மாதம் ஆயிரமாகக் கழித்துக்கொள்ளலாம்.