வாசகர் கேள்வி – பதில்: புரட்டாசிக் குளங்களில் பறவை பார்த்தல்

கேள்வி: சென்ற ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் நடைக்குழுவினர் வேன் பிடித்துக் கூந்தன்குளம் சென்றோம். கூழைக்கடாவும் இல்லை, வரித்தலை வாத்தும் இல்லை. வலசைக் காலம் அதுதான் என்று படித்துவிட்டுத்தான் போனோம். இந்த ஆண்டு எங்கே போகலாம்?
*– அம்பாசமுத்திரம் வாசகர்*

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அந்த மாதத்துக்கு அந்த இடம் ஒத்துவராது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற குளம் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. எனினும் அது மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நிறைவது. அந்த மழை தொடங்குவதே பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அயல்நாட்டிலிருந்து வருபவை அல்ல. நம் நாட்டுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி இடம் மாறும் அவை, குளம் நிறைந்து மீன் பெருகிய பிறகு, மார்கழி தை வாக்கில்தான் ஊர் மரங்களில் கூடு கட்ட வந்து சேர்கின்றன. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் டிசம்பருக்கு முன் நம் பக்கம் தலைகாட்டுவது அரிது.

புரட்டாசியில் வந்து சேர்பவை பெரும்பாலும் சிறிய பறவைகள். நீரோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களில் சில ஆகஸ்டிலேயே வந்துவிடும். தகைவிலான், சாம்பல் வாலாட்டி, நீலவால் பஞ்சுருட்டான் ஆகியவை செப்டம்பரில் தொடரும். இவற்றுள் உள்ளானுக்கும் வாலாட்டிக்கும் வேண்டியது நிறைந்த குளமன்று, கணுக்காலளவுத் தண்ணீரும் சேறும்தான். ஆகவே கார் நெல் அறுவடையோடு வற்றிக் கிடக்கும் சிறு குளங்களும், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குத் தொளி அடிக்கும், அதாவது சேறாக்கி உழும், வயல்களுமே நீங்கள் போக வேண்டிய இடங்கள். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் உள்ள தாமிரபரணிப் பாசன வயல்களுக்கு வேன் எதற்கு? டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தாலே போதும்.

மடைக் கல்லின் மேல் உடலின் பின்பாதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறு பறவையை அங்கே காண்பீர்கள். அதன் மார்பின் வெண்மை சிறகுக்கு முன்னால் தோள்வரை மேலேறியிருந்தால் அது சாதாரண உள்ளான். முதுகில் வெண்பொரிகளும் கண்ணுக்கு மேல் வெண்கோடும் இருந்து, எழும்பும்போது வால் மேற்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் அது பொரி உள்ளான். முதல் நடையில் இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொண்டால், மற்ற உள்ளான்களை இவற்றோடு ஒப்பிட்டே கற்றுக்கொள்ளலாம்.

வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் சீமையில் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கமாகவும் நீர்ப்பரப்பு மேற்குப் பக்கமாகவும் அமைந்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, பறவையின் நிறம் முழுவதும் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் கறுத்த உருவங்களைத்தான் பார்க்க நேரும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 அளவே (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதுமானது. பெரிதாக்கும் திறன் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு பார்த்த வாத்துகள் எல்லாமே பழுப்பாக இருந்தன. நீலச்சிறகி என்றார் உடன் வந்தவர். புத்தகத்துப் படத்தில் உள்ள வெள்ளைப் புருவம் ஒன்றுக்குமே இல்லையே?
*– பாளையங்கோட்டை மாணவி*

பதில்: உடன் வந்தவர் சரியாகவே சொல்லியிருக்கக் கூடும். புத்தகத்தில் இருப்பது இனப்பெருக்கக் காலத்து ஆண். அந்தக் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெடையைப் போன்ற மங்கிய இறகுகளைப் பெறுகின்றன. பறப்பதற்கான சிறகிறகுகளும் ஒருசேர உதிர்ந்து சில வாரங்கள் பறக்க இயலாமல் போவதால், அந்த மங்கிய நிறமே அவற்றுக்கு மறைவு. சிறகு முளைத்து வலசை வந்த பிறகும் நீலச்சிறகி ஆண் நெடுநாள் அதே கோலத்தில்தான் இருக்கும். தை மாதம் மறுபடி போய்ப் பாருங்கள், வெள்ளைப் புருவம் தெரியத் தொடங்கியிருக்கும். அதுவரை, பறக்கும்போது சிறகின் முன்பகுதி வெளிறிய நீலச்சாம்பலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது ஆண். அலகு நுனி மஞ்சளாக உள்ள பெரிய வாத்து, நம் ஊரிலேயே தங்கி வாழும் புள்ளிமூக்கு வாத்து. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பறவை பார்க்க வருகிறோம் என்று கும்பலாக வந்து எங்கள் வரப்பை மிதித்துவிட்டுப் போகிறார்கள். இதைக் கேட்க ஆளில்லையா, ஐயா?
*– சேரன்மகாதேவி விவசாயி*

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. புதிதாகச் சேறு பூசிய வரப்பில் முப்பது பேர் நடந்தால் அது வரப்பாகவே இருக்காது. நாற்றங்காலுக்குள் காலை வைப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள் என்பதால் குழு நடத்துவோருக்கு இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்: வயல்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், வண்டிப்பாதையையும் குளத்துக்கரையையும் விட்டு இறங்காதீர்கள், பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிந்து செல்லுங்கள். படத்துக்காகப் பறவைக் கூட்டத்தை எழுப்பிவிடுவதும், செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லாத செயல்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துவிட்டு வந்த பறவைக்கு இரையெடுக்கும் நேரமே பிழைப்பு.

கேள்வி: மாலையில் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களுக்கு மேல் ஒரு பெருங்கூட்டம் புகை போலச் சுழன்று இறங்குகிறது. என்ன பறவை? எத்தனை என்று எப்படி எண்ணுவது?
*– வள்ளியூர் வாசகர்*

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூறைக்குருவியாக இருக்கலாம். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சு வளர்க்கும் மைனா இனம் இது. முதிர்ந்ததன் உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. இளம் பறவை வெறும் மங்கிய பழுப்பு. எண்ணுவதற்கு, கூட்டத்தின் ஓரத்தில் ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தின் அளவை மனத்தில் இருத்திக்கொண்டு, அப்படிப்பட்ட எத்தனை பகுதிகள் முழுக் கூட்டத்திலும் அடங்கும் என்று பாருங்கள். கூட்டம் சுழலும்போது இதைச் செய்ய முடியாது. அடைவதற்காகச் சிறு கும்பல்களாக வந்து சேரத் தொடங்கும் நேரத்திலேயே, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே போய் நின்றுவிடுங்கள்.