பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் விலங்குகளின் ஹார்மோன்களைக் கெடுக்கும் என்பது உண்மையா, வெறும் பயமுறுத்தலா?

உண்மைதான். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். இதற்கான ஆதாரங்களில் என்னை மிகவும் உலுக்கியது, யாரும் தேடிப் போகாமல் தற்செயலாகக் கிடைத்த ஒன்று. அதை விரிவாகவே சொல்கிறேன்.

1998 ஆகஸ்ட். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா ஹன்ட் என்ற மரபியலாளர் சுண்டெலிகளின் முட்டைச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய்க்கு வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) எண்ணிக்கை ஏன் பிசகுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பிளாஸ்டிக்குக்கும் அந்த ஆய்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முட்டைச் செல் பிரிவதற்கு முன் குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அவை சரிபாதியாகப் பிரியும். நலமான எலிகளில் இந்த வரிசை குலைவது நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில்தான். திடீரென்று அது 40 சதவீதத்தைத் தொட்டது. அதுவும் எந்த மருந்தும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக மட்டுமே வைத்திருந்த எலிகளில்!

தேடிப் பார்த்ததில் காரணம் விலங்குக் கூடத்தில் இருந்தது. பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் தரை கழுவும் கடுமையான சோப்புக் கரைசலில் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, பளபளப்பை இழந்து மங்கிப் போயிருந்தது. பாலிகார்பனேட் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) என்ற வேதிப்பொருள் அதிலிருந்து கசிந்து, எலிகளின் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஹன்ட் இதை ஊகமாக விட்டுவிடவில்லை. புதிய கூண்டுகளை வேண்டுமென்றே அதே கரைசலில் சேதப்படுத்திப் பார்த்தார். பிறகு பிஸ்பீனால் ஏ-யைத் தனியாக வாய்வழியே கொடுத்தும் பார்த்தார். இரண்டிலும் அதே கோளாறு. 2003-இல் வெளியான அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட மிகக் குறைந்த அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பாதுகாப்பானது என்று வைத்திருந்த வரம்போ 50 மைக்ரோகிராம்.

இது எப்படி நடக்கிறது? ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு இணைந்துதான் வேலை செய்கிறது. பிஸ்பீனால் ஏ-யும் அதே ஏற்பியோடு இணையக்கூடியது. இது புதிய செய்தியும் அல்ல. இந்தப் பொருள் ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொள்கிறது என்பதை லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936-லேயே காட்டிவிட்டார். அது தெரிந்திருந்தும், பின்னாளில் குழந்தையின் பால் பாட்டில் வரைக்கும் அதைக் கொண்டுவந்தோம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

‘இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?’ என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஹார்மோன்கள் இயல்பாகவே மிக மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. அதோடு, எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எப்போது சேர்ந்தது என்பது சில நேரம் பெரிய விஷயம். பெண் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைச் செல்கள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. எனவே கருவுற்ற எலிக்குக் கொடுக்கும் பொருள் தாய், வயிற்றிலுள்ள குட்டி, அந்தக் குட்டிக்குப் பின்னாளில் பிறக்கப்போகும் குட்டி என மூன்று தலைமுறைகளை ஒரே நேரத்தில் தொடுகிறது. ஹன்ட் குழுவினர் 2007-இல் இதை எலிகளில் காட்டினார்கள். 2012-இல் ரீசஸ் குரங்குகளின் கருவிலும் முட்டை உருவாவதில் கோளாறுகளைக் கண்டார்கள். குரங்கு வரைக்கும் வந்துவிட்ட ஒன்றை எலி விஷயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆண் குட்டிகளும் தப்பவில்லை. பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்களில் சில, கருவிலுள்ள ஆண் எலிக்குட்டியில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியைக் குறைக்கின்றன. விரை கீழிறங்காமல் போவது, சிறுநீர்த் துளை இடம் மாறி அமைவது போன்ற குறைகளோடு அவை பிறக்கின்றன. ஆமைகளிலும் பார்த்திருக்கிறார்கள். பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மிசௌரியில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், ஆண் குஞ்சு பிறக்க வேண்டிய வெப்பநிலையில் வைத்த முட்டைகள்மீது பிஸ்பீனால் ஏ இடப்பட்டது. பிறந்த குஞ்சுகள் சிலவற்றின் விரைகளில் சினைப்பையின் திசு அமைப்பு காணப்பட்டது.

எல்லா அரசு அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உணவு வழியே இப்போது சேரும் பிஸ்பீனால் ஏ-யின் அளவு பாதுகாப்பானது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2023-இல் தன் பழைய வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. நான் ஐரோப்பியர்கள் பக்கம்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அடுத்து நடந்ததைப் பார்த்துத்தான். ‘பிபிஏ இல்லாதது’ என்ற முத்திரையோடு வந்த பொருள்கள் பலவற்றில், அதன் நெருங்கிய உறவான பிஸ்பீனால் எஸ் இடம்பிடித்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த ஹன்ட்டின் ஆய்வகத்தில் மறுபடியும் ஒப்பீட்டு எலிகளின் முடிவுகள் பிசகின. இம்முறை கூண்டுகள் பாலிசல்ஃபோன் என்ற வேறொரு பிளாஸ்டிக். சேதமடைந்த கூண்டுகளிலிருந்து கசிந்தவற்றில் பிஸ்பீனால் எஸ் இருந்தது. இது 2018-இல் வெளியானது. மாற்றுப் பொருளை முதலில் சோதித்துவிட்டு விற்க வேண்டும் என்பது அவ்வளவு கடினமான கோரிக்கையா?

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ‘பெட்’ (PET) வகைப் பிளாஸ்டிக். அது பிஸ்பீனால் ஏ-யிலிருந்து செய்யப்படுவதல்ல. கெட்டியான 20 லிட்டர் கேன்களில் பாலிகார்பனேட்டில் செய்தவையும் உண்டு. அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்கலாம். சூடும், கடுமையான சோப்பும், கீறலும்தான் கசிவை அதிகமாக்குகின்றன. வெயிலில் கிடந்த கேனையும், கீறல் விழுந்து மங்கிய கேனையும் நான் வாங்குவதில்லை. கேன் போடுபவரிடம் சொன்னால் மாற்றித் தருகிறார். நாய், பூனை வளர்ப்பவர்கள் தண்ணீர் வைக்க எவர்சில்வர் கிண்ணமே போதும். சூடான உணவை எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஊற்றாதீர்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள்.