பியானோ இசைத்தாளில் டை, ஸ்லர் என்ற இரண்டு வளைகோடும் ஒரே மாதிரித்தானே தெரிகிறது, எப்படிப் பிரித்து அறிவது?

வளைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் விளங்காது, அதன் இரண்டு முனையிலும் என்ன நோட் இருக்கிறதென்று வடிவாகப் பாருங்கோ. அடுத்தடுத்து வரும் இரண்டும் ஒரே சுரமாக இருந்தால் டை (இரண்டையும் சேர்த்து ஒரே சத்தமாகப் பிடிப்பது), வேறு வேறென்றால் ஸ்லர் (இடைவெளி விடாமல் தொடர்ந்து வாசிப்பது).

பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்திருந்தால் டை புதிதில்லை, சுரத்துக்குப் பக்கத்தில் கமா போட்டு அதை நீட்டிக் கார்வை கொடுக்கிறோமே, அதே வேலைதான். 3 எண்ணிக்கைப் பாரில் (பார் என்றால் இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) வரும் டொட்டட் மினிம் (3 எண்ணிக்கை நோட்) அடுத்த பாரின் முதல் கிரொச்செட்டோடு (1 எண்ணிக்கை நோட்) டை ஆகியிருந்தால், ஒருதரம் மட்டும் அடித்து 4 எண்ணி முடியும்வரை விரலை எடுக்கக்கூடாது. பியானோவில் சத்தம் தானாகத் தேய்ந்துபோவதால் கை மறுபடி அடிக்கத்தான் துடிக்கும்.

ஸ்லருக்கும் கால அளவுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த விரல் இறங்கும்போதுதான் முந்தின விரல் எழும்பவேண்டும், அவ்வளவுதான். இரண்டே நோட்டுக்கு மேல் சின்ன ஸ்லர் வந்தால் முதலாவதில் கைப்பாரத்தை இறக்கி, இரண்டாவதை மெதுவாகத் தொட்டபடியே மணிக்கட்டைத் தூக்குங்கோ.

குழப்பம் வருவது வேறு இடங்களில். நீளமான ஸ்லருக்குள் இரண்டு 'ஜி' அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் அடிக்கத்தான் வேண்டும், அவற்றுக்கிடையே தனியாக ஒரு குட்டி வளைகோடு இருந்தாலொழிய. ஒரே சுரத்துக்கு வளைகோட்டோடு புள்ளிகளும் இருந்தால் அது டை இல்லை, மெல்லப் பிரித்துப் பிரித்து வாசிக்கச் சொல்கிறது. கோர்டில் (ஒன்றாக அடிக்கும் பல நோட்டுகள்) ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி டை இருக்கும். மூன்றில் இரண்டுக்குத்தான் இருக்கிறதென்றால் மூன்றாவதை மட்டும் திரும்ப அடியுங்கோ. ஷார்ப் (அரைச்சுரம் உயர்த்தும் குறி) போட்ட 'எஃப்' டை மூலம் பார்க்கோட்டைத் தாண்டினால் அங்கேயும் ஷார்ப்தான், ஆனால் அதே பாரில் பிறகு வரும் 'எஃப்' பழையபடி கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்திலுள்ள ஷார்ப், ஃபிளாட் குறிகள்) சொல்கிறபடி. (சேர்ச்சில் ஞானப்பாட்டு வாசிக்கிற ஆட்களுக்கு: பாடகர் வரியிலுள்ள ஸ்லர் பெரும்பாலும் ஒரு அசையை இரண்டு மூன்று சுரத்தில் பாடச் சொல்லும் அடையாளம்.)

இவையெல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கீபோட்டை ஓர்கன் சத்தத்துக்கு மாற்றி, பெடலில் கால் வைக்காமல் மெதுவாக வாசியுங்கோ. ஓர்கனில் விரல் இருக்கும்வரை சத்தம் தேயாது, அதனால் டையை நடுவில் விட்டாலும் ஸ்லரில் இடைவெளி விழுந்தாலும் உடனே காதில் பிடிபடும், பக்கத்தில் ஆசிரியர் இல்லாதபோதும்.