பாதி புதைந்த வளைவும் கழுதைக் காதும்

கே: செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பிரானேசி வரைந்த ரோமாபுரி இடிபாட்டுப் படத்தில் பெரிய வளைவு ஒன்று பாதி மண்ணுக்குள் கிடக்கிறது, பக்கத்தில் மாடு நிற்கிறது. இப்போதைய போட்டோவில் அதே வளைவு முழுசாக நிற்கிறதே, மனிதர் கதை விட்டாரா?

ப: புதைந்து கிடந்தது நிஜம். அது கி.பி. 203-ல் எழுப்பிய, ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வளைவு. பழைய ஃபோரம், அதாவது பண்டைய ரோமின் பொதுச் சதுக்கம் முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் இடிந்த கட்டடக் கல்லும் ஏறி மேடாகிவிட்டது. ஊர்க்காரர்கள் அதை ‘காம்போ வச்சீனோ’, அதாவது மாட்டு மைதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பிரானேசி 1740-களில் பார்த்தது அதைத்தான். அடிவரை தோண்டி எடுத்தது 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்.

கதை விடுவது வேறு இடத்தில். அவர் படத்தில் ஆட்களைப் பாருங்கள், எறும்பு மாதிரி இருப்பார்கள். ஆளைச் சுருக்கினால் தூண் தானாக வளர்ந்துவிடும் இல்லையா? இந்தப் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டு ரோமுக்குப் போன ஜெர்மன் கவிஞர் கத்தேவுக்கு, காரகல்லா குளியல் மண்டபம் நேரில் சப்பென்று இருந்ததாம். எனக்கென்னவோ அந்தப் பொய்யும் பிடித்திருக்கிறது.

கே: பிரானேசி படத்தில் ஒரே கறுப்பு மையில் அவ்வளவு அடர்த்தியான இருட்டும் வெளிறிய வானமும் எப்படி?

ப: எல்லாம் அமிலத்தின் வேலை. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் விட்டால் கீறிய கோடு மட்டும் அரிக்கும். வானத்துக்குக் கொஞ்ச நேரம் போதும். வெளியே எடுத்து அந்த இடத்தை மட்டும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் அமிலத்துக்குள் விடுவார், இப்படியே பல தடவை. கடைசிவரை அரிபட்ட நிழல் கோடு பள்ளமாகி, மையை நிறையப் பிடித்துக்கொள்ளும். நல்ல பழைய பிரதியைச் சாய்த்துப் பிடித்தால் காகிதத்தின் மேல் மை மேடு கட்டியிருப்பது தெரியும். 1778-ல் அவர் இறந்த பிறகும் பிள்ளைகள் அதே தகடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் அச்சடித்தார்கள். அச்சடிக்க அடிக்கத் தகடு தேயும், இருட்டும் சாம்பலாகிவிடும். வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்கவும்.

கே: பழைய படங்களில் ரோமிலுள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனுக்கு இரண்டு மணிக்கோபுரம் இருக்கிறதே?

ப: இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் போப் எட்டாம் அர்பன் காலத்தில் வைத்தது. ஊரே ‘கழுதைக் காது’ என்று சிரித்தது, பழி மட்டும் சிற்பி பெர்னினி தலையில். 1883-ல் இடித்துவிட்டார்கள்.