இங்கிலாந்து வயலில் பார்த்த ஃபெசன்ட் கணக்கில் வருமா?

கேள்வி: மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்திருக்கிறேன். பார்த்த பறவையினங்களைப் பட்டியலிட்டுக் கணக்கு வைப்பது என் வழக்கம். நார்ஃபோக் வயல்களில் ஃபெசன்ட் எனும் நீள்வால் கோழியினப் பறவைகளையும் செங்கால் கௌதாரிகளையும் பார்த்தேன். ஒரு பண்ணையருகே கின்னிக்கோழிகள். பூங்காவில் மயிலும் பச்சைக்கிளிகளும். “எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை, எப்படிக் கணக்கில் சேரும்?” என்கிறார் மருமகன். சேர்க்கலாமா?

பதில்: ஃபெசன்ட், செங்கால் கௌதாரி, பச்சைக்கிளி ஆகியவற்றைத் தயங்காமல் சேருங்கள். கின்னிக்கோழியும் மயிலும் சேரா.

மருமகன் சொல்வது உண்மைதான். ஆனால் கொண்டுவரப்பட்டதா என்பதோடு விசாரணை முடிவதில்லை. மனிதர் கைவிட்டாலும் தானே குஞ்சு பொரித்துத் தலைமுறை தலைமுறையாக நிலைக்குமா என்பதே கேள்வி. நிலைக்கும் என்று உறுதியான அயல் இனங்களை பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் ‘சி’ பிரிவில் வைக்கிறது. தப்பி வந்து திரிபவை ‘இ’ பிரிவு. அவை நாட்டின் பட்டியலுக்குள் வருவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்த செங்கால் கௌதாரி ‘சி’. நம் ஊர்ப் பச்சைக்கிளியும் ‘சி’. நம் தேசியப் பறவை அங்கே வெறும் ‘இ’!

சிக்கல் ஃபெசன்டில்தான். வேட்டைக்காக ஆண்டுதோறும் மூன்று கோடிக்கும் மேல் வளர்த்து விடுகிறார்கள். இனம் தேறிவிட்டது, உங்கள் கண்ணில் பட்ட அந்த ஒற்றைப் பறவை போன மாதம்தான் கூண்டிலிருந்து வந்ததோ என்னவோ. சட்டதிட்டப்படி யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் என் மனம் ஒப்புவது குஞ்சுகளோடு திரியும் பெட்டையை மே, ஜூனில் பார்க்கும்போதுதான். ஆகஸ்டு, செப்டம்பரில் வேலியோரம் கூட்டமாக நின்று, கிட்டப் போனாலும் பறக்காத இளம் பறவைகளை எண்ணுவதில் எனக்குச் சுவையில்லை. அக்டோபர் முதல் தேதி வேட்டைப் பருவம் தொடங்கிவிடும்.

செங்கால் கௌதாரியின் தொண்டையை உற்றுப் பாருங்கள். வெள்ளைத் தொண்டையைச் சூழ்ந்த கறுப்புப் பட்டையிலிருந்து மார்புக்குக் கோடுகள் சிதறி இறங்கினால் அதுவேதான். பட்டை வெட்டினாற்போல நின்றால் அது சகோரம், நிலவைக் குடிக்கும் என்று புலவர்கள் பாடிய அதே சகோரம். இமயத்தில் பார்த்தால் உங்கள் கணக்கில் ஏறும், நார்ஃபோக்கில் ஏறாது. இரண்டும் கலந்த கலப்பினங்களும் முன்பு ஏராளமாக விடப்பட்டன.

‘சி’ பிரிவில் இடம் கிடைத்துவிட்டால் அது நிரந்தரமுமில்லை. வெள்ளி வால் நீண்ட லேடி ஆம்ஹர்ஸ்ட் ஃபெசன்ட் பெட்ஃபோர்ட்ஷயர் காடுகளில் பல காலம் தானாகவே பெருகியது. பிறகு தேய்ந்து, அற்றுப்போனது. 1990களில் அங்கே பார்த்தவர்களின் பதிவு இன்றும் செல்லும். இன்று ஒன்று எதிர்ப்பட்டால் யாரோ வளர்த்தது பறந்து வந்தது என்றுதான் பொருள்.

மாறாக, கேப்பர்கெய்லி எனும் பெருங்காட்டுக்கோழி ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டில் அற்றுப்போய், 1837இல் சுவீடனிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது. தயக்கமில்லாமல் கணக்கில் வரும், காண்பதுதான் அரிது.

பறவை நோக்குவோர் தாம் பார்த்தவற்றைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் (eBird) நீங்கள் பதிபவரானால் கின்னிக்கோழியையும் மயிலையும் விட்டுவிடாதீர்கள். அது அயல் பறவைகளை ‘நிலைபெற்றவை’, ‘இன்னும் உறுதியாகாதவை’, ‘தப்பியவை’ என்று பிரிக்கிறது. முதல் இரண்டும் மொத்தத்தில் கூடும். தப்பியவை தனியே காட்டப்படும். ஓர் இனம் எங்கே காலூன்றுகிறது என்பதை இத்தகைய பதிவுகளை வைத்துத்தான் பின்னாளில் கண்டுபிடிக்கிறார்கள். குறிப்பில் ‘பண்ணையருகே’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் சரிபார்ப்பவருக்கு வேலை மிச்சம்.