கால்பந்து அணியும் அரியர் தாள்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு இவ்வாண்டு என்னைப் பொறுப்பாசிரியராக நியமித்திருக்கிறார்கள். அணியில் பாதிப்பேருக்கு அரியர் இருக்கிறது. மாலைப் பயிற்சி முடிந்ததும் தனிவகுப்பு நடத்தலாம் என்கிறது துறை. தாள்களை எழுதி முடிக்கும்வரை அணியிலிருந்து நிறுத்திவையுங்கள் என்கிறார்கள் சில பெற்றோர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பேராசிரியர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்களுக்குப் பட்டதுதான் சரி. ஆட்டத்தை நிறுத்தினால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் ஆட்டத்தை இழந்தவர்களில் பலருக்குக் கல்லூரிக்கு வரும் ஆர்வமே போய்விடுகிறது. மாலைத் தனிவகுப்பும் பயன் தராது. முழு ஆட்டமொன்றில் நடுக்கள வீரர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்குக் குறையாத பயிற்சியை முடித்துவிட்டு, வியர்வை காயாமல் பெஞ்சில் வந்து அமர்பவருக்கு நுண்கணிதம் எப்படித் தலையில் ஏறும்? அவர்களிடம் இல்லாதது களைப்பில்லாத நேரம்தான், அறிவுக்குக் குறைவில்லை.

ஐயம் இருந்தால், கடைசியாக வாங்கிய கோல் எப்படி விழுந்தது என்று உங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள். பந்து எங்கே பறிபோனது, யார் யாரைத் தப்பவிட்டார், கோல்காப்பாளர் எந்தப் பக்கம் ஓரடி கூடுதலாக நகர்ந்திருந்தார் என்பதையெல்லாம் குச்சியால் மண்ணில் வரைந்தே காட்டிவிடுவார். இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பவருக்குப் பொருளியல் எட்டாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே நேரத்திலிருந்து தொடங்குங்கள். பருவம் தொடங்கும் முன்பே போட்டி நாள்களையும், செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு ஆகியவற்றின் நாள்களையும் ஒரே தாளில் எழுதி, பயிற்சியாளரையும் துறைத்தலைவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தெந்த நாள்கள் மோதுகின்றன என்று முன்கூட்டியே தெரிந்தால் மாற்றுத் தேதி கேட்கலாம். வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்து ஏறும் நாளில் போய்க் கேட்டால் கெஞ்சுவது போலாகிவிடும். விட்டுப்போன பாடக்குறிப்பை வகுப்புத் தோழரிடம் வாங்கிக்கொள்ளலாம், ஆய்வக வகுப்பை அப்படி வாங்க முடியாது. அதை முதலில் காப்பாற்றுங்கள். அதிகாலையும் மாலையும் பயிற்சி இருந்தால் ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள். இரவில் எட்டு மணி நேரமாவது தூங்காத வீரருக்குப் படித்ததும் மனத்தில் நிற்காது, காயமும் எளிதில் வரும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என வரம்பு வைத்திருக்கிறது.

பயிற்சியாளர் உங்கள் பக்கம் வராமல் எதுவும் நடக்காது. “நாளை உனக்குச் செய்முறை, இன்று போய்ப் படி” என்று அவர் ஒருமுறை சொல்வதற்கு உள்ள மதிப்பு, துறைத்தலைவர் பத்து முறை சொன்னாலும் வராது. 1982 உலகக்கோப்பையில் பிரேசிலுக்குத் தலைமை தாங்கிய சாக்ரட்டீஸ், மருத்துவம் படித்தபடியே ரிபைரோ பிரேட்டோ நகரின் பொடாபோகோ அணிக்கு ஆடியவர். படிப்பின் பொருட்டு அவர் பயிற்சிக்கு வராமலிருந்ததை அந்த அணி பொறுத்துக்கொண்டது. அவருடைய திறமையைப் போலவே அந்தப் பொறுமையும் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 9 மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான் வீரர்கள் அணியிலும் வகுப்பிலும் ஒருசேரக் காணாமல் போகிறார்கள். உங்கள் அணியில் அப்படி யாரேனும் இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். ஆட்டங்களுக்கு வந்து அணியோடு அமரச் சொல்லுங்கள். நிலுவைத் தாள்களுக்கு அவரோடு சேர்ந்து ஓர் அட்டவணை போடுங்கள்.