தேவிகுளம் உயில் வழக்கு: கோப்பு எங்கே கிடைக்கும்?

உங்கள் தாத்தாவின் உயில் பற்றிக் கேரளத் தேவிகுளத்தில் நடந்த பழைய வழக்கின் கோப்பை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். இடுக்கியில் தேடாதீர்கள். முதலில் கோட்டயம் மாவட்ட நீதிமன்றத்தின் ஆவண அறைக்குப் போங்கள். உங்கள் சித்தப்பா வழக்குப் போட்டது 1969இல் என்கிறீர்கள். இடுக்கி மாவட்டமே 1972 ஜனவரி 26இல்தான் உருவானது. அதற்கு முன் தேவிகுளம் தாலுகா கோட்டயத்தோடு இருந்தது. ஆன்லைனில் இவ்வளவு பழையது வராது.

கையில் இருக்கும் ஓ.பி. (அசல் மனு) எண் பொருந்தாததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: புரோபேட் மனுவை, அதாவது உயிலை உறுதிசெய்யக் கோரும் மனுவை, யாராவது எதிர்த்தால், வாரிசுரிமைச் சட்டம் 295ஆம் பிரிவுப்படி அது சிவில் வழக்குபோல நடக்கும். அப்போது புதிதாக ஓ.எஸ். (அசல் வழக்கு) எண் விழுந்திருக்கும். எண்ணை விட்டுவிட்டு, சித்தப்பா பெயரை வைத்து வழக்குப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா பெயரில் தேடிப் பயனில்லை, இறந்தவர் கட்சிக்காரர் ஆக மாட்டார். (பெயரை மலையாளத்தில் எப்படி எழுதியிருப்பார்களோ! இரண்டு மூன்று விதமாகப் பாருங்கள்.)

இதற்கிடையில் ஒரு சோதனை. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில், அதாவது உயில் பதிவேட்டில், இருக்கும். எழுதியவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் நகல் தருவார்கள். இறப்புச் சான்றிதழோடு போய் 'ஒஸ்யத்து' (உயில்) என்று கேளுங்கள், அங்கே அதுதான் பேச்சு வழக்கு.

ஒன்று மட்டும். தீர்ப்பும் தீர்ப்பாணையும் (டிக்ரி) கிடைத்தாலும் சாட்சி வாக்குமூலங்களை அழித்திருக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கென்று உயிலில் எழுதிய நிலம் பொது அறக்கட்டளை என்று தீர்ப்பாகியிருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் பின்னால் தனி வழக்கும் நடந்திருக்கலாம். அதையும் சேர்த்தே தேடச் சொல்லுங்கள்.